ஆயிரம் அடி ஃபிலிம்

6 ஜனவரி 2025, காந்தல்

தொடர்கதையின் பதினோராம் அத்தியாயத்தை நேற்றிரவு பதிவேற்றினேன். உதகையில் கல்யாண வீடியோ எடுத்தே காலம் தள்ளி, அறுபத்தேழு வயதில் இறந்துபோன ஒருவன், 1975இல் தன்னுடைய பதினெட்டாம் வயதில் மீண்டும் கண்விழிக்கிறான். அடுத்த ஐம்பது ஆண்டுத் தமிழ் சினிமா அவனுக்கு மனப்பாடம். இந்த அத்தியாயத்தில் அவன் கோடம்பாக்கத்துத் தயாரிப்பாளர் ஒருவர் முன் ஒரு மெட்டை முணுமுணுக்க, அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார். வாசகர்களுக்குக் கொண்டாட்டம். எனக்குத்தான் உறக்கம் வரவில்லை. இளையராஜாவின் ‘அன்னக்கிளி’ வெளிவந்தது 1976இல். அதற்கு ஓராண்டு முன்னால் இவன் அவருடைய மெட்டைப் பாடிப் பெறும் வாய்ப்பு யாருடையது?

8 ஜனவரி

இவ்வகைக் கதைகள் சீன இணையத்தில்தான் காடாக வளர்ந்தன. மறுபிறப்பைக் குறிக்கும் ‘சோங்ஷெங்’ என்ற சொல் அங்கே ஒரு கதைவகையின் பெயராகவே ஆகிவிட்டது. கதாநாயகனுக்கு மட்டும் வாய்க்கும் குறுக்குவழியைப் ‘பொன்விரல்’ என்கிறார்கள். திரையுலகக் கதைகளில் அந்தப் பொன்விரல் பெரும்பாலும் ஞாபகசக்திதான்: முன்பு கேட்ட பாட்டையும் பார்த்த படத்தையும், உரியவர் படைப்பதற்கு முன்பே தன் பெயரில் வெளியிட்டுவிடுவது. இது திருட்டு என்று அங்கேயும் வாசகர்கள் சண்டை பிடிப்பதுண்டு என்பதால், சில எழுத்தாளர்கள் அசல் கலைஞரே பிறக்காத இணை உலகம் ஒன்றைக் கட்டி, அங்கே கதாநாயகனைக் குடியேற்றிவிடுகிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் இளையராஜா பிறக்காத தமிழ்நாட்டில் ஒருவனை வாழவைக்க எனக்கு மனம் வரவில்லை.

நம்முடைய பழைய மறுபிறவிக் கதையோ நேர் எதிர்த்திசையில் போகிறது. ஆடற்கணிகையர் மரபில் பிறந்த மணிமேகலை, மணிபல்லவத்தில் தன் பழம்பிறப்பை உணர்ந்த பிறகு மேடைக்குத் திரும்பவில்லை. அமுதசுரபியை ஏந்திப் பசித்தவர்களைத் தேடிப் போனாள். இதை நான் தொடராக எழுதினால் மூன்றாம் அத்தியாயத்தில் பாதிப் பேர் விடைபெற்றுவிடுவார்கள்.

9 ஜனவரி

காலையில் புல்வெளியெல்லாம் உறைபனி. அடுப்பருகே உட்கார்ந்து, நூறு முறைக்குமேல் கேட்ட ஒரு பாட்டை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். பல்லவி வந்தது, முதல் சரணத்தில் பாதி வந்தது. இடையிசையில் வயலின்கள் எங்கே அடங்கிப் புல்லாங்குழல் எங்கே நுழைகிறது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அப்படியானால் என் கதாநாயகனிடமும் இருக்கக் கூடாது. பதினோராம் அத்தியாயத்தை நீக்கிவிட்டேன்.

12 ஜனவரி

அப்பாவிடம் கதையைச் சொன்னேன். 1960இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற ஃபிலிம் தொழிற்சாலையில், உதகை இந்து நகரில், பணிக்காலம் முழுவதையும் கழித்தவர் அவர். பாட்டுத் திருட்டைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை.

“அதெல்லாம் இருக்கட்டும்மா. படமெடுக்க ஃபிலிமுக்கு எங்கே போவான்?”

பிறகு காகிதத்தில் கணக்குப் போட்டார். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். கேமரா ஒரு நொடியில் விழுங்குவது 24. ஆயிரம் அடி ரோல் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். கலர் ஃபிலிம் வேண்டுமென்றால் அது கப்பலேறி வர வேண்டும். கைப்பேசியில் நாற்பது டேக் எடுத்துப் பழகிய 2024ஆம் ஆண்டு மனிதனுக்கு, மூன்றாவது டேக்கிலேயே தயாரிப்பாளரின் முகம் சிவப்பது புரியவே புரியாது என்றார். பொன்விரலைப் பற்றி நான் படித்த எந்தக் கதையிலும் இந்தக் கணக்கு இல்லை.

எனவே அவனுக்கு ஆயிரம் அடி கறுப்பு வெள்ளை மட்டும் கொடுக்கப் போகிறேன். பதினோரு நிமிடத்தில் என்ன செய்கிறான் என்று பார்ப்போம்.

15 ஜனவரி

பொங்கலன்று ஒரு வரிகூட எழுதவில்லை. இன்று முதல் அத்தியாயத்தையே மாற்றினேன். அவன் இப்போது அந்த ஃபிலிம் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளி. கண்விழிக்கும்போது சுற்றிலும் கும்மிருட்டு, செத்துப்போனதாகவே நினைக்கிறான். அருகில் யாரோ நடக்கும் சத்தம் கேட்கிறது. கதவைத் திறந்து வெளிச்சத்துக்கு ஓடுகிறான் என்று எழுதி அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

“கதவைத் திறந்தால் அத்தனை ஃபிலிமும் போச்சு. ஷிஃப்ட் முடியும்வரை உள்ளேயே நிற்கச் சொல்.”

அடித்துவிட்டு, அவனை இருட்டிலேயே நிறுத்தியிருக்கிறேன்.