ஸீஹான் குறிப்புகள்: சேற்றில் இறங்கும் முன்

பிப்ரவரி 2, சிங்கப்பூர்
ஆஸ்திரேலியத் தீவான டாஸ்மேனியாவின் மேற்குக் கரையில், ஸீஹான் என்ற ஊரைச் சுற்றியுள்ள சேற்றுப் பாதைகளில் ஓட்டப் போகிறேன். நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி அங்கேயே வாடகைக்கு. ஒப்பந்தத்தில் காப்புறுதிப் பக்கத்தை முதலில் படிக்கவும். தார்ச்சாலையை விட்டு இறங்கினாலே பல ஒப்பந்தங்கள் கைவிரித்துவிடும். லோ ரேஞ்ச் கியர் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்ட உதவும் கியர் தொகுதி) இல்லாத வண்டி வேண்டாம்.

மலேசியாவின் ஜொகூர் செம்பனைத் தோட்டத்தில் புழங்கிய, வண்டியை இழுக்கும் பட்டை, காலணி எதிலும் மண் இருக்கக்கூடாது. ஆஸ்திரேலியாவில் இறங்கியதும் இவற்றை அதிகாரிகளிடம் அறிவிக்க வேண்டும். பழைய பல்துலக்கியால் காலணியின் தையல் இடுக்கைத் தேய்க்கவும். செம்மண் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பிப்ரவரி 9
சிங்கப்பூரில் ஆண்டு மழை சுமார் 2,100 மி.மீ., ஸீஹானில் 2,400 அளவில். மழையில் பெரிய வித்தியாசமில்லை, வெயிலில்தான். மிர்ட்டில் பீச் மரங்களின் அடியில் கோடையிலும் சேறு காயாது. ஜொகூர்ச் செம்மண் டயர் பள்ளங்களை அப்பிக்கொள்ளும். ஸீஹானில் கறுப்புப் பீட் மண் (மட்கிய தாவரங்களாலான மெத்தென்ற மண்), அடியில் வெள்ளைக் குவார்ட்சைட் கல். இறங்கிக் கம்பால் குத்திப் பார்ப்பதே வழி. கல் தட்டினால் போகலாம். முழங்காலளவு போயும் தட்டாவிட்டால் வண்டியைத் திருப்புங்கள். ஓரத்துப் புல்வெளியில் சுற்றிப் போவது மட்டும் கூடாது: பீட் எடை தாங்காது, தடமும் பல ஆண்டுகள் மறையாது.

பிப்ரவரி 20, மெல்பா ஃபிளாட்ஸ்
மாண்டெசூமா அருவிக்குப் போகும் பழைய டிராம் பாதை. டயர் காற்றழுத்தத்தை 38 பிஎஸ்ஐயிலிருந்து 20க்குக் குறைத்தாயிற்று. பதினைந்துக்குக் கீழே போனால், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். லோ ரேஞ்ச், இரண்டாம் கியர், ஒரே சீரான வேகம்.

தண்ணீர் நிற்கும் குழிக்கு முன் கால்மணி நேரம் நிறுத்துவது சோம்பலால் அல்ல. ஓடிச் சூடான டிஃபரென்ஷியல் (அச்சின் நடுவிலுள்ள, சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பற்சக்கரப் பெட்டி) குளிர்நீரில் முங்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அந்தப் பெட்டி மூச்சுவிடும் பிரீதர் குழாய் எஞ்சின் உயரத்துக்கு ஏற்றப்பட்டிருந்தால் இந்தக் கவலை குறைவு. மாலையில் டிஃபரென்ஷியல் எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வந்தால் உடனே மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 21
சிக்கினால் ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். சக்கரத்தின் முன்னுள்ள சேற்றைத் தோண்டிய பிறகே, சக்கரம் ஏறி வெளிவரும் பிளாஸ்டிக் பலகையை வைக்கவும். சக்கரம் வெறுமனே சுழன்றால் சூட்டில் பலகையின் பற்கள் உருகிவிடும். இழுக்க 9 மீட்டர், 8,000 கிலோ தாங்கும் ஸ்னாட்ச் பட்டை (நீண்டு சுருங்கும் இழுவைப் பட்டை). அதை டோ பாலில் (இழுவண்டி மாட்டும் உருண்டைக் கொக்கி) மாட்டவே கூடாது. டோ பால் முறிந்து பறந்து உயிர் போயிருக்கிறது.

பிப்ரவரி 22, ஸீஹான்
கழுவும் வேலை. ஃபைட்டாப்தரா என்ற, செடிகளின் வேரை அழுகவைக்கும் நோய் சேற்றோடு பயணிக்கும். அடுத்த பாதைக்குள் நுழையும் முன் வண்டியின் அடிப்பகுதி, சக்கர வளைவு, மண்வெட்டி எல்லாம் சுத்தமாக வேண்டும். ரேடியேட்டரை எஞ்சின் பக்கமிருந்து குறைந்த அழுத்தத்தில் கழுவவும். பிரேக் பேடுக்குள் மணல் இருக்கிறதா என்று சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கவும்.