எலெக்ட்ரிக் கிட்டாரில் சரளி வரிசை: முதல் 14 வாரங்கள்

சிங்கப்பூரில், செங்காங்கில் ஒரு நான்கறை வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், மாமியார், ஏழு வயது மகன். எனக்கு 38 வயது. சின்ன வயதில் ஆறு வருடம் கர்நாடக வாய்ப்பாட்டு படித்தேன். உயர்நிலை மூன்றில் பாடச்சுமை கூடியதும் அது நின்றுபோனது. அதன் பிறகு இருபது வருடத்துக்கும் மேலாக இசையைக் கேட்டதோடு சரி.

அப்பாவிடம் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸின் ஒலிநாடாக்கள் நிறைய இருந்தன. அவர் வாசித்தது மின்சார மாண்டலின் என்பது பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரியும். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) பொருத்திய கம்பியில் அப்படிக் குழைவு வரும் என்றால், அந்தக் கம்பியை ஒரு முறையாவது நானும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாக இருந்தது. மாண்டலின் கிடைக்கவில்லை, கிட்டார் கிடைத்தது. இந்த வருடம் தொடங்கிவிட்டேன். இது முதல் 14 வாரக் கணக்கு.

முதல் வாரம் முழுக்க வலி. பழைய கிட்டார் ஒன்றை 130 வெள்ளிக்கு வாங்கியிருந்தேன். ஸ்ட்ராட்டகாஸ்டர் வடிவம், மூன்று பிக்கப். விற்றவர் நல்ல நிலையில் இருப்பதாகச் சொன்னார். ஆனால் கம்பியை ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோக மெட்டில்) அழுத்தவே முடியவில்லை. நான்கு நாளில் விரல் நுனி சிவந்து, அரிசி களையும்போது எரிந்தது. எனக்கு விரலில் வலுவில்லை என்றே நினைத்தேன். சனிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு சிட்டி ஹாலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குப் போனேன். அங்கே கிட்டார் கடைகள் பல உண்டு. பழுது பார்ப்பவர் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் சின்ன அளவுகோலை வைத்துக் காட்டினார். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் இருந்தது. எலெக்ட்ரிக் கிட்டாரில் 2 மில்லிமீட்டர் அளவே போதும்.

கிட்டாரின் கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்று ஓர் இரும்புத் தண்டு நீளவாக்கில் ஓடுகிறது. ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுவையில் கழுத்து முன்பக்கம் வளையும். அந்த வளைவுக்கு எதிராக நிற்பதுதான் தண்டின் வேலை. அதை அவர் கொஞ்சம் முறுக்கினார், பாலத்தில் (கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதியில்) கம்பியின் உயரத்தைக் குறைத்தார், துருப்பிடித்த கம்பிகளைக் கழற்றி 9 என்று சொல்லப்படும் மெல்லிய செட்டைப் போட்டார். அதாவது முதல் கம்பியின் தடிமன் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு. வீட்டுக்கு வந்து அழுத்தினால் அதே விரல், அதே கிட்டார், வலி பாதிகூட இல்லை. புதிதாகத் தொடங்குகிற யாருக்கும் நான் முதலில் சொல்லப்போவது இதைத்தான். பழைய கிட்டார் வாங்கினால், அதற்கு ஒரு செட்அப் செய்கிற காசையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் விரலைக் குறை சொல்வதற்கு முன்னால் கம்பியின் உயரத்தைப் பாருங்கள்.

மின்சாரம் இல்லாத அக்குஸ்டிக்கில் தொடங்கி அப்புறம் எலெக்ட்ரிக்குக்கு வா என்று பலரும் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கம்பி மெல்லியது, கழுத்து ஒல்லி, ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) செருகாமல் வாசித்தால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. இரவு நேரத்தில் அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு கூடாது என்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மகன் தூங்கி, பாத்திரம் கழுவி, நான் உட்காரும்போது மணி பத்தாகிவிடும். எலெக்ட்ரிக் கிட்டாரும் ஹெட்ஃபோனும் இல்லையென்றால் எனக்குப் பயிற்சி நேரமே இருந்திருக்காது.

இரண்டாம் வாரம் சுருதி சேர்த்தேன். ஆறு கம்பிகளுக்கு ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. மனப்பாடம் செய்யக் கஷ்டமாக இருந்தது. பிறகு நம் கட்டைக் கணக்கில் (சி ஒரு கட்டை, டி இரண்டு கட்டை என்று போகும்) சொல்லிப் பார்த்தேன்: 3, 6, 2, 5, 7, மறுபடி 3. உடனே மனதில் நின்றுவிட்டது. தடித்த கம்பி மூன்று கட்டை, அடுத்தது ஆறு கட்டை. ஐந்தாம் கம்பி (மெல்லியதிலிருந்து எண்ண வேண்டும், அதாவது அந்த ஆறு கட்டைக் கம்பி) நொடிக்கு 110 அதிர்வு என்று ட்யூனர் காட்டுகிறது.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. மெல்லிய ஈ கம்பியைத் திறந்தபடி விட்டு ஸட்ஜமாக வைத்துக்கொண்டு, அந்த ஒரே கம்பியில், சரளி வரிசை பாடும் ராகமான மாயாமாளவகௌளையைத் தேடினேன். ரிஷபம் முதல் ஃப்ரெட், காந்தாரம் நான்கு, மத்யமம் ஐந்து, பஞ்சமம் ஏழு, தைவதம் எட்டு, நிஷாதம் பதினொன்று, மேல் ஸட்ஜம் பன்னிரண்டு. கிட்டாரின் கழுத்தில் வழக்கமாக மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு என்ற இடங்களில் புள்ளி வைத்திருப்பார்கள். மத்யமம், பஞ்சமம், மேல் ஸட்ஜம் மூன்றும் புள்ளியிலேயே உட்கார்ந்திருந்தன. வீணையிலும் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டுதான். ரொம்ப நாள் கழித்துப் பழைய வீட்டுக்குப் போய், சாவி அதே இடத்தில் இருப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது. அன்று இரவு பன்னிரண்டு மணி வரை "ஸ ரி க ம ப த நி ஸ்" மட்டுமே வாசித்தேன்.

மூன்றிலிருந்து ஐந்தாம் வாரம் வரை சரளி வரிசை, கர்நாடக இசையில் முதலில் கற்கும் ஸ்வரப் பயிற்சி. மெட்ரோனோமை (தாளக் கருவியை) நிமிடத்துக்கு 50 தட்டில் வைத்து முதல் காலம், இரண்டாம் காலம். வலது கையில் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) கீழே ஒரு முறை, மேலே ஒரு முறை, மாறி மாறி. இணையத்தில் புதியவர்களுக்கு 1-2-3-4 என்று நான்கு விரலையும் வரிசையாக வைக்கும் பயிற்சி சொல்லித் தருகிறார்கள். அது நல்ல பயிற்சிதான். ஆனால் என் காதுக்கு அதில் பிடிமானம் இல்லை, எங்கே தப்பு என்று தெரிவதில்லை. சரளி வரிசையில் ஒரு ஸ்வரம் பிசகினால் விரல் உணர்வதற்கு முன்னால் காது சொல்லிவிடுகிறது.

ஆறாம் வாரம் ஒரே கம்பியை விட்டுப் பல கம்பிகளுக்கு வந்தேன். ஐந்தாம் கம்பியைத் திறந்தபடி ஸட்ஜமாக வைத்தால், அதே கம்பியில் முதல் ஃப்ரெட் ரிஷபம், நான்காம் ஃப்ரெட் காந்தாரம். நான்காம் கம்பியைத் திறந்தால் மத்யமம், இரண்டில் பஞ்சமம், மூன்றில் தைவதம். மூன்றாம் கம்பியில் ஒன்று நிஷாதம், இரண்டு மேல் ஸட்ஜம். கை எங்கும் ஓட வேண்டியதில்லை. ஹெட்ஃபோன் போட்டு, கெயினை (ஆம்ப் ஒலியைப் பெருக்கும் அளவை) கூட்டி, ஆசையாகத் தொடங்கினேன்.

காது கூசியது. காந்தாரத்திலிருந்து மத்யமத்துக்குப் போகும்போது கம்பி மாறுகிறது. ஐந்தாம் கம்பியில் காந்தாரம் இன்னும் அதிர்ந்துகொண்டிருக்க, நான்காம் கம்பியில் மத்யமம் வந்துவிடுகிறது. அரை ஸ்வர இடைவெளியில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று. செருகாமல் வாசித்த இத்தனை நாளில் இது எனக்குக் கேட்கவே இல்லை. கெயின் கூட்டினால் சின்ன ஒலியும் பெரிய ஒலியும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடும். விரலை எடுக்கும்போது கம்பி உரசும் கீச்சொலி, தொடாத கம்பி தானாக அதிர்வது, எல்லாமே மேடைக்கு வந்துவிடுகின்றன. வாய்ப்பாட்டில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போனால் முந்தையது தானாகவே போய்விடும். கிட்டாரில் அதை நான்தான் அனுப்பி வைக்க வேண்டும்.

ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என நான்கு வாரம் இந்த ஒரே வேலைதான். இந்த 14 வாரத்தில் நான் உண்மையாகக் கற்றது இது. ஒலி எழுப்பக் கற்றதைவிட ஒலியை நிறுத்தக் கற்றதற்கே அதிக நாள் ஆனது, அதைப் பற்றித்தான் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதல் பழக்கம், விரலைக் கம்பியிலிருந்து பிடுங்காமல் அழுத்தத்தை மட்டும் விடுவது. காந்தாரம் முடிந்ததும் விரல் கம்பியைத் தொட்டபடியே தளர்ந்தால் கம்பி உடனே அடங்கும். இரண்டாவது, வலது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரம். நான் வாசிக்கும் கம்பியைவிடத் தடித்த கம்பிகளின் மேல், பாலத்துக்குப் பக்கத்தில், அது சும்மா சாய்ந்திருக்க வேண்டும். நான்காம் கம்பிக்குப் போகும்போது கை ஒரு நூலளவு நகர்ந்து ஐந்தாம் கம்பியையும் மூடிக்கொள்ளும். மூன்றாவது, இடது ஆள்காட்டி விரலின் அடிப்பக்கம். மெல்லிய கம்பிகளின் மேல் அது தட்டையாகப் படுத்திருந்தால் அவை தானாக அதிர்வதில்லை. அதே விரலின் நுனி மேலே இருக்கும் தடித்த கம்பியை லேசாக இடித்துக்கொண்டிருந்தால் அதுவும் அடங்கும். மூன்றையும் சேர்த்துச் செய்யும்போது கை முதலில் மரத்துப்போனது போல இருந்தது. வேகத்தை 40-க்குக் குறைத்து, "க ம", "க ம" என்று அந்த இரண்டு ஸ்வரத்தை மட்டும் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் வாசித்தேன். பதினொன்றாம் நாள், காந்தாரம் முடிந்த இடத்தில் சுத்தமாக மத்யமம் தொடங்கியது. கெயின் முழுசாக இருந்தும் இடையில் எதுவும் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது.

இதற்கிடையில் இரைச்சல் வேறு. கையை எடுத்தாலே ஹெட்ஃபோனில் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். எஃகுக் கம்பி அதன் மேல் அதிரும்போது காந்தப்புலம் அசைந்து சுருளில் மின்சாரம் பிறக்கிறது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலையையும் அதே சுருள் பிடித்துக்கொள்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப்பின் இயல்பு அது. கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் என்பவர் 1955-ல் இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்து அந்த இரைச்சலை ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்படி செய்தார். ஹம்பக்கர் என்ற பெயர் அதனால்தான். என் கிட்டாரில் ஹம்பக்கர் இல்லை, ஆனால் ஐந்து நிலை சுவிட்சை இரண்டிலோ நான்கிலோ வைத்தால் எதிரெதிராகச் சுற்றிய இரண்டு பிக்கப் சேர்ந்து வேலை செய்து ரீங்காரம் போய்விடுகிறது. நாற்காலியை மின்விசிறி ரெகுலேட்டரிலிருந்து திருப்பிப் போட்டதும் இன்னும் குறைந்தது. மகனிடம் ஒரு காந்தத்தையும் இரண்டு ஆணியையும் வைத்து இதை விளக்கினேன். "அப்போ நைலான் கம்பி போட்டா சத்தம் வராதாம்மா?" என்று கேட்டான். வராதுதான்.

பத்தாம் வாரம் பவர் கார்ட். ஆறாம் கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட், ஐந்தாம் கம்பியில் ஏழாம் ஃப்ரெட், மற்ற நான்கும் வாயை மூட வேண்டும். அடக்கிப் பழகிய நான்கு வாரமும் இங்கே கைகொடுத்தது. ராக் இசையின் இந்த அடிப்படைக் கூட்டொலியில் காந்தாரமே கிடையாது. ஸட்ஜம், பஞ்சமம், அவ்வளவுதான். நம் தம்புரா மீட்டுவதும் இதைத்தான். அந்த இரண்டின் அதிர்வு விகிதம் 2-க்கு 3 என்று எளிமையாக இருப்பதால், கெயினை எவ்வளவு கூட்டினாலும் கலங்காமல் நிற்கிறது. காந்தாரத்தைச் சேர்த்தால் கலங்கிவிடும். கச்சேரியில் பின்னால் கேட்ட தம்புராவும், மகனின் கார்ட்டூனில் வரும் கனத்த கிட்டாரும் ஒரே இரண்டு ஸ்வரத்தில் நிற்கின்றன என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

திறந்த கார்ட்களில் ஈ மைனர், ஏ மைனர், டி மூன்றும் வருகின்றன. சி-யிலிருந்து ஜி-க்கு மாறுவது இன்னும் தடுமாற்றம். எஃப் வரவில்லை.

பன்னிரண்டாம் வாரம் கம்பி மாற்றினேன். இங்கே இருக்கும் ஈரக்காற்றுக்கும் என் கை வியர்வைக்கும் இரண்டே மாதத்தில் கறுத்துவிட்டன. இப்போது வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்து, சிலிக்கா பைகள் போட்ட உறைக்குள் வைக்கிறேன்.

அதே வாரம் கம்பியை இழுத்து ஸ்வரத்தை உயர்த்தவும் தொடங்கினேன். மூன்றாம் கம்பியின் ஏழாம் ஃப்ரெட்டை இழுத்து ஒன்பதாம் ஃப்ரெட்டின் ஒலிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரே விரலால் முடியாது, மூன்று விரலும் சேர்ந்து, மணிக்கட்டு திரும்ப வேண்டும். எனக்கு இன்னும் முக்கால் தூரம்தான் எட்டுகிறது. எட்டவில்லை என்பது ட்யூனரைப் பார்க்காமலே தெரிகிறது. ஆறு வருடம் படித்த வாய்ப்பாடு வீண் போகவில்லை.

பதினான்காம் வாரம், ஞாயிறு மாலை 7 மணி. அத்தை, அதாவது என் மாமியார், ஹாலில் உட்கார்ந்திருந்தார். "தினம் காதை மூடிக்கிட்டு என்னதான் வாசிக்கிறே, எங்களுக்கும் கேட்கிற மாதிரி வாசியேன்மா" என்றார். ஹெட்ஃபோனைக் கழற்றி, சின்ன ஆம்ப்பின் ஒலியைக் குறைவாக வைத்து, சரளி வரிசை மூன்று காலமும் வாசித்தேன். மூன்றாம் காலத்தில் மெட்ரோனோம் 56. ஒரு இடத்தில் மட்டும் தைவதம் தட்டியது. முதல் வரியிலேயே அத்தையின் கை தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பித்துவிட்டது. அவரும் சின்ன வயதில் பாட்டு படித்தவர் என்பது பத்து வருடமாக எனக்குத் தெரியாது.

முடித்ததும், "அடுத்தது ஜண்டை வரிசைதானே?" என்றார்.

ஜண்டையில் ஒவ்வொரு ஸ்வரமும் இரண்டு முறை வரும், இரண்டாவதில் ஓர் அழுத்தம் வேண்டும். பிக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று போனால் அந்த அழுத்தம் எப்போதும் மேல்நோக்கிய வீச்சில் விழும். என்னிடம் அதுதான் பலவீனமான வீச்சு. புதன்கிழமையிலிருந்து தொடங்குகிறேன், 40-ல். தாளம் அத்தை போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.