காப்பித் தோட்டத்து டேப்போடு பண்ருட்டிக்கு

புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டைச் சைவ ஆகமச் சுவடிகளுக்காகத் தெரிந்துவைத்திருப்பவர்கள் நிறைய. 1955-இல் தொடங்கிய இடம். அதே கூரைக்குக் கீழே மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் வரைபடங்களும், காயவைத்து ஒட்டிய இலைகளும் பூக்களும் அடுக்கடுக்காக இருப்பது அவ்வளவாக வெளியே தெரியாது. குடகுக் காப்பித் தோட்டங்களில் நிழல்மரங்களின் பருமனை அளக்க இங்கிருந்து ஆட்கள் போயிருக்கிறார்கள். அந்த மாதிரி அளவெடுப்பில் கூலிக்கு டேப் பிடித்த நண்பன் ஒருவன் இப்போது முத்தியால்பேட்டையில் இருக்கிறான். அவன் வீட்டில்தான் தங்கினேன்.

குடகுக் கதையை ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். அங்கே காப்பிச்செடிக்கு மேலே நிற்பது பழைய காட்டின் மிச்சம்: அத்தி, பலா, ஈட்டி என்று பல சாதி. நாட்டுமரத்தை வெட்ட அனுமதிக்கு அலைய வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்குக்கு அந்தத் தொல்லை குறைவு. மடமடவென்று வளரும், மிளகுக்கொடியும் ஏறும். தோட்டக்காரர் எதை நடுவார்? "டேப்பை மட்டும் நம்பினா சில்வர் ஓக் தோட்டமும் நல்ல மார்க் வாங்கிடும்டா. எத்தனை சாதி மரம், மலைத்தேனீ கூடு இருக்கா, சருகு எவ்வளவு விழுது, இதெல்லாம் தனித்தனியா எண்ணணும்" என்றான். ரொபஸ்டா காப்பி தன் மகரந்தத்திலேயே காய்க்காத இனம். செடியைப் பூக்கவைக்கும் பூமழை பெய்து தோட்டம் வெள்ளையாகும் அந்தச் சில நாளில் தேனீ வந்தாக வேண்டும்.

கேட்கக் கேட்க எனக்குப் பண்ருட்டிதான் ஞாபகம் வந்தது. காப்பி இந்த வெயிலில் பிழைக்காது, சரி. ஆனால் பல மரம் கலந்த கொல்லை என்றால் கடலூர் மாவட்டத்தை விட்டு எங்கே போவது? மறுநாள் விடிகாலை டேப்பையும் எடுத்துக்கொண்டு கடலூர் போய், நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி பஸ் பிடித்தோம். நெல்லிக்குப்பத்தில் கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்ததைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை.

செம்மண் கொல்லை. நடுவே பலா, சுற்றி முந்திரி, வரப்போரம் கொய்யாவும் சீத்தாவும். கொல்லைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். "அளந்துக்கங்க தம்பி, எடுத்துட்டா போயிடப்போறீங்க" என்றார்.

மரத்தைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது நெஞ்சளவில் சுற்றி அளப்பது பல நாடுகளில் வழக்கம். அதிலிருந்து விட்டம், விட்டத்திலிருந்து எடை, காய்ந்த எடையில் ஏறக்குறைய பாதி கரிமம் என்று கணக்கு போகும். பலாவிடம் இது செல்லாது. அந்த உயரத்தில்தான் காம்பு விட்ட இடமெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கிறது. போதாததற்கு இரண்டு காய் டேப்புக்குக் குறுக்கே தொங்குகிறது. முள்ளுத்தோலில் டேப் சிக்கி, விரலில் பால் பிசுபிசுக்க, நண்பன் புடைப்புக்கு மேலே போய் அளந்தான். அதுதான் விதியாம். முந்திரியோ முழங்கால் உயரத்திலேயே நாலாகப் பிரிந்து தரையில் படுத்துக்கிடக்கிறது. ஒவ்வொரு கிளையையும் தனி மரமாக எழுத வேண்டும். காப்பிச்செடி தேவலை, 15 சென்டிமீட்டரில் ஒரே அளவு என்று முனகினான்.

நோட்டில் எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், "இந்தக் கணக்கை தானேக்கு முந்தின நாள் போட்டிருந்தா ஜோரா வந்திருக்கும்" என்றார்.

2011 டிசம்பர் 30 காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் தானே புயல் கரை கடந்தது. முப்பாட்டன் வைத்த பலா வேரோடு சாய்ந்தது, முந்திரிக்காடு படுத்துவிட்டது. வந்த விலைக்கு விறகாகப் போனது. பெரியவர் அதற்குப் பிறகு நடந்ததை விரல்விட்டுச் சொன்னார்: சாய்ந்ததை அப்புறப்படுத்திய இடத்தில் முதலில் மல்லாட்டை (நிலக்கடலை), அடுத்து கொய்யா, மூணாம் வருஷம் ஒட்டு முந்திரியில் நாலு காசு. விதைபோட்ட பலா காய்க்க ஏழெட்டு வருஷம். "பலா மட்டும் வச்சிருந்தவன் மெட்ராஸுக்கு வேலைக்குப் போயிட்டான் தம்பி."

எனக்கு இதுதான் சரியான அளவுகோலாகப் படுகிறது: ஒன்று விழுந்தால் அடுத்த வருமானம் எத்தனை மாதத்தில் வரும்? நண்பன் ஒப்புக்கொள்ளவில்லை. அது வருமானக் கணக்கு, மண்ணுக்கும் பறவைக்கும் அது தெரியாது என்றான். வரப்பில் உட்கார்ந்து சுளை தின்றபடி வெகுநேரம் சண்டை போட்டோம். பெரியவர் யார் பக்கமும் சாயவில்லை. கொட்டையைக் கீழே போடாதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

போகிறவர்கள் மே, ஜூனில் போங்கள். பணிக்கன்குப்பம் பக்கம் சாலையோரம் பழம் குவிந்திருக்கும். முழுப்பழம் தூக்க முடியாதவர்கள் சுளையாகவும் வாங்கலாம். சொன்ன விலைக்கு வாங்காதீர்கள். பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் முறைப்பார், அதற்கு நான் பொறுப்பல்ல.