அட்டையில் எழும் கிரேஞ்ச்: நான்காம் மாதக் குறிப்பு

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், ராம்ஸ்கேட் என்னும் கடற்கரை ஊரின் மேற்குப் பாறை மேட்டில் நிற்கும் கிரேஞ்ச் என்ற செங்கல் வீட்டை 1:50 அளவில் அட்டையில் செய்யத் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. பாதிக்கு மேல் முடிந்திருக்கிறது. அந்தப் பாதியும் ஒரு முறை முழுவதுமாகப் பிரிக்கப்பட்டு மீண்டும் செய்யப்பட்டது என்பதால், எங்கே பிசகினேன் என்பது மறந்துபோகும் முன் எழுதி வைக்கிறேன்.

இந்த வீட்டை 1843–44இல் தமக்காகவே கட்டிக்கொண்டவர் அகஸ்டஸ் பியூஜின். லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் உள்ளலங்காரங்களை வரைந்தவர் அவர்தான். செங்கல் சுவரின் மேல் சாந்து பூசிக் கல்லைப் போலக் காட்டுவதும், நடுவாசலுக்கு இருபுறமும் ஒரே எண்ணிக்கையில் ஜன்னல் வைப்பதும் அக்காலக் கடற்கரை ஊர்களில் நாகரிகமாக இருந்தன. வசதிக்கோ கட்டுமானத்துக்கோ பொருத்தத்துக்கோ தேவைப்படாத எதுவும் கட்டடத்தில் இருக்கக் கூடாது என்று 1841இலேயே எழுதிவிட்ட பியூஜினுக்கு இவை இரண்டுமே ஆகாதவை. ஆகவே இந்த வீட்டின் செங்கல் செங்கல்லாகவே வெளியே தெரிகிறது; ஜன்னல்களும் உள்ளே இருக்கும் அறைக்கு எங்கே வேண்டுமோ அங்கே, வேண்டிய அளவில் அமைந்திருக்கின்றன.

இதையெல்லாம் படித்து அறிந்திருந்தும், நான் வெளியிலிருந்துதான் தொடங்கினேன். புகைப்படங்களைப் பார்த்து நான்கு பக்கச் சுவர்களையும் தனித்தனியே வரைந்து, மவுண்ட் போர்டு என்னும் இரண்டு மில்லிமீட்டர் தடித்த அட்டையில் வெட்டி, ஜன்னல் துளைகளையும் போட்டு முடித்த பிறகு, மற்ற வீடுகளுக்குச் செய்வது போலவே முதல் மாடித் தளத்துக்கு முழுப் பலகை ஒன்றை வெட்டி உள்ளே இறக்கினேன். வீட்டின் நடுக்கூடம் இரண்டு தளங்களின் உயரம் கொண்டது. மாடிப்படி அதற்குள்ளேயே ஏறிச் செல்ல, மேலே நடைமாடம் ஒன்று சுற்றி வருகிறது. அங்கே தளம் என்பதே கிடையாது. என் பலகையோ கூடத்துக்கு மூடி போட்டதைப் போல உட்கார்ந்துகொண்டது. ஜன்னல் துளை ஒன்றின் நடுவிலும் அது குறுக்கே ஓடியது. மூன்று வார வேலை வீண். இரண்டு நாள் அந்த அட்டைகளின் பக்கமே நான் போகவில்லை.

இரண்டாம் முறை கூடத்தை முதலில் கட்டி நிறுத்தினேன். அதைச் சுற்றி வரவேற்பறை, நூலக அறை, உணவறை ஆகியவற்றைத் தனித்தனிப் பெட்டிகளாகச் செய்து ஒவ்வொன்றாக ஒட்டினேன். கூடத்தை அச்சாகக் கொண்டு அறைகள் காற்றாடியின் இதழ்களைப் போல ஆளுக்கொரு திசையில் நீளும் அமைப்பு அப்போதுதான் கைக்குப் பிடிபட்டது. கூரை முகடுகள் ஏன் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன என்று படத்தைப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தேன். பெட்டிகளை ஒட்டியதும் அந்த முகடுகள் தாமாகவே அவ்விடங்களில் வந்து விழுந்தன.

உயரங்களைக் கண்டுபிடிக்கச் செங்கல்லே அளவுகோலாக உதவியது. கீழே நின்று எடுத்த படத்தில் மேல்பகுதி குறுகித் தெரியும் என்பதால், படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளந்தால் பிழைதான் வரும். செங்கல் வரிகளை எண்ணினால் அந்தத் தொல்லை இல்லை. ஆங்கிலேயக் கட்டுமானத்தில் பொதுவாக நான்கு வரிக்கு ஓர் அடி உயரம் என்பது கணக்கு. 1:50இல் ஒரு வரி ஒன்றரை மில்லிமீட்டர். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அட்டையில் அழுத்தி அந்தக் கோடுகளை இழுத்தேன். நிறம்தான் பெரும்பாடு. தென்கிழக்கு இங்கிலாந்தின் மஞ்சள் செங்கல் நம் கண்ணுக்குப் பழகிய சிவப்பு அன்று. களிமண்ணோடு சுண்ணக்கல் தூளும் சலித்த சாம்பலும் சேர்த்துச் சுடுவதால் வெளிர் மஞ்சளும் பழுப்புமாக, ஆங்காங்கே கரும்புள்ளிகளுடன் வரும். ஒரே வண்ணத்தைப் பூசியபோது சுவர் பிஸ்கட்டைப் போலத் தெரிந்தது. பிறகு மங்கிய மஞ்சளை அடியில் பூசி, பழுப்பு, சாம்பல், இளஞ்சிவப்பு ஆகியவற்றை மிக நீர்க்கக் கரைத்து, பத்துக்கு ஒரு கல் வீதம் நுனித் தூரிகையால் தொட்டு வைத்தேன். ஒரு சுவருக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் பிடித்தன. முதல் சுவரின் ஒரு முகத்துக்கு மட்டும் வண்ணம் பூசிவிட்டுத் தூங்கப் போனதில், காலையில் அது பொரித்த அப்பளமாக வளைந்து கிடந்தது. இப்போது பின்பக்கத்துக்கும் அதே கையோடு ஒரு பூச்சு கொடுத்துவிடுகிறேன்.

கூடத்தின் கைப்பிடிச் சுவர் நேர்க் கம்பிகளால் ஆனதன்று; சாய்ந்த மரச் சட்டங்கள் ஒன்றையொன்று தாங்கும் அமைப்பு. தச்சு வேலையின் தாங்குதலே அங்கே அலங்காரமாகவும் நிற்கிறது. கடையில் வாங்கிய மரக்குச்சி தடிமனாக இருந்ததால், தென்னை ஈர்க்கை நீளவாக்கில் பிளந்து பயன்படுத்தினேன். ஈர்க்கு நுனியை நோக்கி மெலிவதால், ஒவ்வொன்றிலும் நடுப்பகுதியில் மூன்று சென்டிமீட்டர்தான் தேறும். ஒரு படிவரிசைக்கே அரை விளக்குமாறு போய்விட்டது. தரையில் மிண்டன் நிறுவனம் செய்து தந்த ஓடுகள், அவற்றில் பியூஜினின் பெயரெழுத்துகளும் அவருடைய குலச்சின்னமான சிறு பறவையும். இந்த அளவில் அந்தப் பறவை ஒரு கடுகு. அச்சிட்டு ஒட்டியதோடு விட்டுவிட்டேன்.

எந்தக் காலத்து வீட்டைச் செய்வது என்பதிலும் சிறிது தடுமாற்றம் இருந்தது. பியூஜின் 1852இல், நாற்பதே வயதில், இதே வீட்டில் இறந்தார்; அவருக்குப் பின் மகன் எட்வர்டு பல மாற்றங்களைச் செய்தார். 1997இல் வீட்டை வாங்கிய, பழைய கட்டடங்களை மீட்டுக் காக்கும் லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை, தந்தையின் காலத்து நிலைக்கு ஏறக்குறைய மீட்டு, 2006இல் தங்க வருவோருக்குத் திறந்துவிட்டது. நானும் அந்த நிலையையே பின்பற்றுகிறேன். மகனின் வேலையை நீக்குவது சரிதானா என்ற கேள்வி எனக்கு உண்டு என்றாலும், இரண்டையும் ஒரே அட்டையில் காட்ட முடியாது.

எஞ்சியிருப்பது கோபுரம். அதன் மொட்டை மேல்தளத்தில் நின்றுதான் பியூஜின், கடலில் உள்ள குட்வின் மணல்திட்டில் சிக்கும் கப்பல்களைத் தொலைநோக்கியால் பார்ப்பார். அதன் சுவர்கள் வெட்டி, வரிக்கோடும் இழுத்து, இரு பக்கமும் வண்ணம் பூசப்பட்டு, இப்போது நான்கு அகராதிகளுக்கு அடியில் காய்ந்துகொண்டிருக்கின்றன.