கால் நன்றாக இருக்கும் நாள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்காக நாங்கள் ஆறு பேரும் வியாழக்கிழமை மாலையே ஜெர்மனியின் ரோத் நகரை அடைந்துவிட்டோம். என் சைக்கிள் பெட்டி மட்டும் விமானம் மாறும் இடத்தில் தங்கிப்போய், வெள்ளிக்கிழமை இரவுதான் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை, சைக்கிளைப் போட்டி அமைப்பாளர்களிடம் ஒப்படைக்க வேண்டிய நேரத்துக்குச் சில மணி நேரமே இருந்த நிலையில், அதன் பாகங்களைப் பொருத்தி மிதியைக் கையால் சுற்றிப் பார்த்தேன். சங்கிலி பெரிய பல்சக்கரத்தில் ஏறியவுடன் கியர் மாற்றும் பின்பக்கக் கருவியான டெரெய்லர் சக்கரத்தின் கம்பிகளில் உரசியது. ஹேங்கர் உட்பக்கமாக வளைந்திருந்தது.

டெரெய்லரைச் சைக்கிளின் சட்டத்தோடு பிணைக்கும் விரல் நீள அலுமினியத் துண்டுக்குத்தான் ஹேங்கர் என்று பெயர். அடி விழும்போது சட்டம் உடையாமல் தான் வளைந்துகொடுக்க வேண்டும் என்பதற்காகவே அதை மென்மையாகச் செய்கிறார்கள். சட்டத்துக்குச் சட்டம் அதன் வடிவம் வேறுபடும் என்பதால், தெரியாத ஊரின் கடையில் நமக்குப் பொருந்துவது கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. ஓராண்டுக் காலம் விடியலுக்கு முன் எழுந்து செய்த பயிற்சி முழுவதும் அந்தச் சின்னத் துண்டின் முன் நின்றுவிட்டது போலிருந்தது.

எங்கள் குழுவின் மூத்தவருக்கு 61 வயது. வயது வேறுபாடின்றி எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். ஆறு மாதங்களுக்கு முன்பு அவர் எங்கள் ஒவ்வொருவரிடமும் சைக்கிளின் மாடல் என்ன, எந்த ஆண்டில் வந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டபோது, பயணக் காப்பீட்டுக்காகக் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். அன்று காலை அவர் தம் கைப்பையிலிருந்து எடுத்த சிறிய உறைக்குள் ஆறு ஹேங்கர்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது. என் பெயர் எழுதியதைப் பிரித்து மாட்டி, கியர்களைச் சரிபார்த்துக் கொடுத்த பிறகு, "பெட்டியில வைக்கும்போது டெரெய்லரைக் கழற்றலையா?" என்று மட்டும் கேட்டார். நான் கழற்றியிருக்கவில்லை.

ரோத்தில் 1984 முதல் டிரையத்லான் நடக்கிறது. 2002இலிருந்து 'சேலஞ்ச் ரோத்' என்ற பெயரில் நடக்கிறது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், ஏறத்தாழ 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்குப் பிறகு ஒரு முழு மாரத்தான். உலகின் மிக வேகமான நேரங்கள் பல இங்கே பதிவாகியிருக்கின்றன. 2024இல் மட்டும் மாக்னுஸ் டிட்லெவ் 7 மணி 23 நிமிடம் 24 விநாடியிலும், அன்னே ஹௌக் 8 மணி 2 நிமிடம் 38 விநாடியிலும் முடித்தார்கள். அந்த எண்கள் எங்களைப் போன்ற பொழுதுபோக்கு வீரர்களின் மனத்தில் ஒரு தவறான கணக்கை ஏற்படுத்திவிடுகின்றன. பாதை வேகமானது, ஆகவே நாமும் வேகமாகப் போகலாம் என்று நினைத்துவிடுகிறோம். அண்ணன் அஞ்சியதெல்லாம் இந்த நினைப்பைத்தான். அவர் எங்கள் ஒவ்வொருவருக்கும் அரைப்பக்க அளவில் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்திருந்தார். என்னுடையதில் சைக்கிளை மிதிக்கும் வலு சராசரி 165 வாட், எந்த ஏற்றத்திலும் 200 வாட்டுக்கு மேல் கூடாது, மணிக்கு 75 கிராம் சர்க்கரை என்று இருந்தது. அதன் கீழே தனியாக ஒரு வரி: "நாளைக்கு உங்க கால் நல்லாத்தான் இருக்கும், அதை நம்பாதீங்க."

நீச்சலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரைன், மைன், டான்யூப் ஆறுகளை இணைக்கும் கப்பல் கால்வாயில், அன்று காலை போக்குவரத்தை நிறுத்திவிட்டு, அலை அலையாகப் பிரித்து நீந்த விடுகிறார்கள். நீரில் அலையோ இழுப்போ இல்லை. கால்வாய் நேராக ஓடுவதால் திசை தவறவும் வழியில்லை. மூச்சுக்காகத் தலையைத் திருப்பும்போதெல்லாம் கரையில் நிற்கும் மக்களும், வானில் எழுந்திருந்த வெப்பக்காற்று பலூன்களும் கண்ணில் பட்டன. பதற்றத்துடன் இறங்கி, அமைதியாகக் கரையேறினேன்.

சைக்கிள் பாதை இரண்டு சுற்று. கிரேடிங் ஊரையடுத்து வரும் கால்வாரியன்பெர்க் ஏற்றத்தில் ஆள் கூட்டம் அவ்வளவாக இல்லாததால் திட்டப்படியே ஏறினேன். ஹில்போல்ட்ஸ்டைன் ஊரை ஒட்டிய சோலாரர் பெர்க் அப்படிப்பட்டதன்று. ஏற்றம் என்று பார்த்தால் அது நீளமும் இல்லை, செங்குத்தும் இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கானோர் சாலையின் இருபுறமும் நெருங்கி நின்று, ஒரே ஒரு சைக்கிள் நுழையும் அளவுக்கு மட்டும் வழிவிட்டு, நம் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் நின்று கத்துகிறார்கள். எண்ணட்டையில் அச்சிட்டிருக்கும் பெயரைப் படித்து, முன்பின் தெரியாத ஒருவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையைப் போல அழைக்கிறார்கள். என் வாழ்நாளில் எனக்காக இத்தனை பேர் ஒன்றாகக் குரல் கொடுத்ததில்லை. உச்சியை அடைந்து, மிதிக்கும் வலுவைக் காட்டும் பவர் மீட்டரின் திரையைப் பார்த்தபோது 270 வாட் காட்டியது. வலி சிறிதும் இருக்கவில்லை. கால் உண்மையாகவே நன்றாக இருந்தது.

அதில்தான் சிக்கல் இருக்கிறது. உடல் தசைகளிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கும் சர்க்கரைச் சேமிப்பான கிளைகோஜன் பெரும்பாலானோருக்கு ஏறத்தாழ 500 கிராம்தான். அதிலிருந்து கிடைப்பது சுமார் 2,000 கலோரி. இப்படிப்பட்ட ஒரு போட்டி கேட்பதோ அதைப்போலப் பல மடங்கு. மீதியைக் கொழுப்பும், வழியில் உட்கொள்ளும் சர்க்கரையும்தான் ஈடுசெய்ய வேண்டும். மிதமான வேகத்தில் போகும்போது உடல் கொழுப்பைக் கணிசமாக எரிக்கிறது. அழுத்தம் கூடக்கூட அதை விட்டுவிட்டுக் கிளைகோஜனைத் தின்னத் தொடங்குகிறது. அதே நேரத்தில் இரத்தம் கால்களுக்குத் திரும்பிவிடுவதால் குடலுக்குப் போவது குறைகிறது. விழுங்கிய சர்க்கரை ஜெல் வயிற்றிலேயே தங்கிவிடுகிறது. குளுக்கோஸ் மட்டும் எடுத்தால் குடலால் மணிக்கு 60 கிராம் அளவுக்குத்தான் உறிஞ்ச முடியும். பிரக்டோஸுக்கு வேறு வாயில் உண்டு என்பதால், இரண்டையும் கலந்து எடுத்துப் பழகினால் அந்த எல்லையைத் தாண்டலாம் என்பதை நாங்கள் மாதக்கணக்கில் பயிற்சியில் சோதித்துப் பழகியிருந்தோம். ஆனால் குடலுக்குப் போகும் இரத்தமே குறைந்துவிட்டால் அந்தப் பழக்கமும் உதவாது. மலையில் வீணாக்கிய சில நிமிடங்களுக்கான விலையை உடல் மலையிலேயே கேட்பதில்லை. மாரத்தானின் இருபத்தைந்தாவது கிலோமீட்டரில் வந்து கேட்கிறது.

இரண்டாம் சுற்றில் அதே ஏற்றத்துக்கு வந்தபோது கூட்டம் குறைந்திருந்தது. இருந்தவர்களின் குரல் குறையவில்லை. நான் பார்வையை அந்தச் சிறிய திரையை விட்டு எடுக்காமல் 200க்குக் கீழேயே ஏறினேன். ஊக்கம் தரவென்று நிற்பவர்களின் முகத்தைப் பாராமல் போவது வருத்தமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஓட்டத்தின் பெரும்பகுதி கால்வாய்க் கரையை ஒட்டிய மண்பாதையில் போய்த் திரும்புகிறது. ஆகவே குழுவினர் ஒருவரையொருவர் எதிரெதிரே பலமுறை சந்திக்க முடிந்தது. நாள் முழுவதிலும் நாங்கள் உண்மையிலேயே ஒரு குழுவாக இருந்தது அந்தச் சில விநாடிகளில்தான். நீச்சலில் யார் யாரென்று தெரியாது. சைக்கிளில் முன்னால் போகிறவரிடமிருந்து ஏறத்தாழ 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது விதி, அவர் நண்பரே ஆனாலும். ஓட்டத்தில் மட்டும் ஒரு கை உயர்கிறது, ஒரு பெயர் கேட்கிறது. எங்களில் இளையவன், ஆறு பேரில் சைக்கிளில் மிக வலுவானவன், என்னைவிட 40 நிமிடம் முன்னதாகச் சைக்கிள் பகுதியை முடித்திருந்தான். அவனை 24ஆவது கிலோமீட்டருக்கு அருகே நடந்துகொண்டிருக்கும் நிலையில் எட்டினேன். இரண்டு முறையும் சோலாரர் பெர்க்கில் முழு வலுவோடு ஏறியதாகச் சொன்னான். அவன் வாந்தி எடுத்த பிறகு வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தான். வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்கும்போது வெறும் தண்ணீரை நிறையக் குடித்தால் இரத்தத்தின் சோடியம் ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும்; நீரிழப்பைவிட நான் அஞ்சுவது அதைத்தான். அடுத்த உதவி மேசை வரை அவனுடன் நடந்து, உப்புக் கலந்த பானத்தைச் சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்து, "அக்கா, நீங்க போங்க" என்று அவன் மூன்றாம் முறை சொன்ன பிறகுதான் ஓடத் தொடங்கினேன். அந்த நிமிடங்களை இழப்பாக நான் கணக்கிட்டதில்லை. முதல் சுற்றில் நான் செய்ததையே அவன் இரண்டு சுற்றிலும் செய்திருந்தான். எங்களுக்கு இடையே இருந்த வேறுபாடு அவ்வளவுதான்.

கடைசிப் பத்து கிலோமீட்டரில் பூசென்பாக் பக்கமாக ஏறி இறங்கும் பாதை என் தொடைகளைக் கெட்டிப்படுத்தியது. அந்தப் பகுதியை விரிவாக எழுத எனக்கு நினைவு போதவில்லை. 12 மணி 48 நிமிடத்தில் அரங்குக்குள் நுழைந்தேன். இளையவனும் பின்னர் தன் காலிலேயே வந்து சேர்ந்தான்.

ரோத்தில் பலர் முடித்தவுடன் விடுதிக்குப் போய்விடுவதில்லை. இருட்டிய பிறகும் அரங்கு நிறைந்திருக்கிறது. கடைசி வீரர்களை வரவேற்றுவிட்டு வாணவேடிக்கையுடன்தான் அங்கே நாள் முடிகிறது. நாங்கள் ஐந்து பேரும் போர்வைகளைச் சுற்றிக்கொண்டு தடுப்புக் கம்பியருகே நின்று, கைபேசியில் அண்ணனின் எண் ஒவ்வொரு கட்டத்தைக் கடப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தோம். கிலோமீட்டருக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் தொடக்கத்திலிருந்து பெரிதாக மாறவேயில்லை. அவரை முந்திச் சென்ற எத்தனையோ பேரை 30 கிலோமீட்டருக்குப் பிறகு அவர் ஒவ்வொருவராகக் கடந்துகொண்டிருந்தார். அவர் அரங்குக்குள் வந்தபோது எங்கள் தொண்டையில் குரல் மிச்சமில்லை. அவர் நடக்கவில்லை, விரைந்து ஓடவும் இல்லை. காலையில் கிளம்பிய அதே சீரில் கோட்டைக் கடந்து, கடிகாரத்தை நிறுத்தினார்.

மறுநாள் காலை படிக்கட்டில் இறங்க எங்கள் எல்லோருக்கும் கைப்பிடி தேவைப்பட்டது. நான் இறங்கி வந்தபோது அண்ணன் முற்றத்துத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடக்கி உட்கார முடியவில்லை என்றார். ஆறு சைக்கிள்களும் அவரைச் சுற்றிச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் டெரெய்லரைக் கழற்றி, துணியில் சுற்றி, சட்டத்தின் உட்பக்கமாக வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என்னுடையதை மட்டும் தொடாமல் ஒதுக்கி வைத்திருந்தார். திருகு கழற்றும் சாவியை என்னிடம் நீட்டினார். நான் அவர் அருகே மெதுவாக உட்கார்ந்து கழற்றத் தொடங்கினேன்.