சராசரி விலையும் குமிழியின் முகவரியும்

அமெரிக்க வீட்டு விலைகளைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் நாடு முழுவதற்குமான ஒற்றை எண்ணே தலைப்பில் நிற்கிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு குமிழி, அதாவது நியாயமான மதிப்பை மீறி ஊதிப்போன விலை, இருக்கிறதா இல்லையா என்று வாதிடுவதில் எனக்கு நெடுநாளாகவே உடன்பாடில்லை. வீடு இடம்பெயராத சரக்கு. ஓர் ஊரில் தேவைக்கு மேல் கட்டியதைப் பெயர்த்துக்கொண்டு போய், பற்றாக்குறை உள்ள இன்னோர் ஊரில் விற்க முடியாது.

2006-ஆம் ஆண்டின் நடுவில் உச்சம் தொட்ட விலை, 2012-இன் தொடக்கத்துக்குள் நாடு தழுவிய அளவில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது என்பது பலரும் அறிந்த செய்திதான். ஆனால் ஒரே வீடு மறுபடி மறுபடி விற்கப்படும் விலைகளை ஒப்பிட்டுக் கணக்கிடும் கேஸ்-ஷில்லர் குறியீட்டை நகரம் நகரமாகப் பிரித்துப் பார்த்தால், லாஸ் வேகஸும் ஃபீனிக்ஸும் பாதிக்கும் மேல் இழந்திருக்க, டல்லாஸின் இழப்போ பத்து சதவீதத்தை ஒட்டியே நின்றிருப்பது தெரியும். ஏறியதுதான் இறங்கும் என்ற எளிய விளக்கமும் முழுமையாகப் பொருந்தவில்லை. அட்லாண்டாவில் விலை பெரிதாக ஏறவே இல்லை. ஆயினும் தவணை தவறிய வீடுகள் ஏலத்துக்கு வந்து குவிந்ததால் அங்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மதிப்பு போயிற்று.

2005-இல் மத்திய வங்கியின் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான், நாடளாவிய குமிழி இல்லை, சில உள்ளூர்ச் சந்தைகளில் மட்டும் நுரை தெரிகிறது என்ற பொருளில் பேசினார். இடத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. வீடுகள் நகராவிட்டாலும் அவற்றின் மீதான கடன்கள் மூட்டையாகக் கட்டப்பட்டு உலகெங்கும் கைமாறிக்கொண்டிருந்தன என்பதுதான் அவர் கணக்கில் விடுபட்ட பாதி.

ஒரு சந்தையில் காற்று அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க, விலையை விட்டுவிட்டு முதலில் வாடகையைத்தான் எடுத்துக்கொள்வேன். கற்பனையாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்: மாத வாடகை 1,500 டாலர், ஆண்டுக்கு 18,000. அதன் விலை 2,70,000 டாலர் என்றால் பதினைந்து ஆண்டு வாடகைக்குச் சமம். 4,50,000 என்றால் இருபத்தைந்து ஆண்டு வாடகை. இரண்டாவது விலைக்கு 6 சதவீத வட்டி வைத்துப் பார்த்தால் முதலாண்டு வட்டி மட்டுமே 27,000 ஆகிறது. அதாவது, வரியையும் பராமரிப்பையும் சேர்க்காமலேயே, வாடகைக்கு இருப்பவரைவிட 9,000 டாலர் கூடுதலாகச் செலவழித்துத்தான் வாங்கியவர் அதே கூரையின் கீழ் வாழ்கிறார். அந்த இடைவெளியை ஈடுகட்ட ஆண்டுதோறும் விலை 2 சதவீதமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் கணக்கு உதைக்கும். நல்ல பள்ளியும் நிலையான வேலையும் உள்ள ஊரில் இருபத்தைந்து மடங்கு என்பதுகூட நியாயமாக இருக்கலாம். அதே ஊரில் வாடகை அசையாமல் நிற்க, மடங்கு மட்டும் மூன்றே ஆண்டுகளில் பதினைந்திலிருந்து இருபத்தைந்துக்குத் தாவியிருந்தால் நான் சந்தேகப்படுவேன்.

இறக்கத்தை விலை கடைசியில்தான் காட்டும். தான் நினைத்த தொகைக்குக் குறைத்து விற்க உரிமையாளருக்கு மனம் வருவதில்லை. எனவே முதலில் விற்பனை குறைகிறது, பிறகு விற்பனைக்கு நிற்கும் வீடுகள் பெருகுகின்றன, அதன் பிறகே விலை இறங்குகிறது. போதாக்குறைக்கு, கேஸ்-ஷில்லர் எண் மூன்று மாத சராசரியாக, இரண்டு மாதம் தாமதித்தே வெளிவருகிறது. நடுநிலை விலையோ, அதாவது விற்ற வீடுகளை விலைப்படி வரிசையாக வைத்தால் நடுவில் நிற்கும் வீட்டின் விலையோ, அந்த மாதம் பெரிய வீடுகள் அதிகம் விற்றனவா, சிறியவை அதிகம் விற்றனவா என்பதைப் பொறுத்தே ஆடக்கூடியது.

2021-இன் தொடக்கத்தில் 3 சதவீதத்துக்கும் கீழே இருந்த முப்பதாண்டு வீட்டுக் கடன் வட்டி, 2022 அக்டோபரில் 7 சதவீதத்தைத் தாண்டியது. வேறு வீட்டுக்கு மாறினால் புதிய வட்டியில் கடன் வாங்க வேண்டும் என்பதால், பழைய வட்டியில் கடன் வாங்கியவர்கள் அதை இழக்க மனமின்றி வீட்டை விற்காமல் இருந்துவிட்டனர்; எனவே, புதிதாகக் கட்ட இடம் குறைந்த வடகிழக்கு நகரங்களில் விலை தொடர்ந்து ஏறியது. ஏராளமாகக் கட்டிய டெக்சாஸ் மாநில ஆஸ்டினில் விலையும் வாடகையும் இறங்கின. ஆஸ்டினில் நடந்ததைக் குமிழி வெடித்தது என்று சொல்ல நான் தயங்குகிறேன். கடன் வாங்குபவரால் திருப்பிக் கட்ட முடியுமா என்று வங்கி சோதித்தாக வேண்டும் என்ற விதி 2014-இல் நடைமுறைக்கு வந்திருந்ததால், 2008-இல் கண்டதுபோல் ஏல வீடுகள் அங்கே குவியவில்லை.

என்னை இப்போது உறுத்துவது ஃபுளோரிடா. 2021-இல் சர்ஃப்சைடில் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 98 பேர் இறந்தபின், அடுக்குமாடிக் கட்டடங்கள் பழுதுபார்ப்புக்கென நிதி ஒதுக்கியே தீர வேண்டும் என்று அடுத்த ஆண்டு சட்டம் வந்தது. புயல் காப்பீட்டுக் கட்டணமும் கூடவே ஏறியதால், மாதப் பராமரிப்புத் தொகையைத் தாங்க முடியாமல் பலர் தங்கள் குடியிருப்புகளை விற்பனைக்கு வைத்தனர். வட்டியையும் வாடகையையும் மட்டுமே வைத்து மேலே நான் போட்ட கணக்கில் இந்த இரண்டு செலவுகளுக்கும் இடமே இல்லை.