பழைய கட்டடத்துக்குத் திறப்பு விழா மட்டும் போதாது

சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பினால் இரண்டு பழைய கட்டடங்கள் அடுத்தடுத்து நிற்கும். ஒன்று வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகை. இன்னொன்று சிவப்புச் செங்கல்லில் எழுந்த விக்டோரியா பப்ளிக் ஹால். ரிப்பன் மாளிகை 1913-ல் திறக்கப்பட்டது, லோகநாத முதலியார் கட்டியது, அன்றைய மதிப்பில் ஏழரை லட்சம் ரூபாய் ஆனது. விக்டோரியா ஹால் அதற்குக் கால் நூற்றாண்டு மூத்தது. ராபர்ட் சிஷோம் வரைந்து, நம்பெருமாள் செட்டியார் கட்டியது. இரண்டுக்கும் ஒரே மண், ஒரே மழை, ஒரே உப்புக் காற்று. ஆனால் ஒன்று நூறு ஆண்டுக்கு மேலாக மாநகராட்சி அலுவலகமாகத் தினமும் திறந்து மூடப்பட்டது. மற்றது பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. எது கெட்டது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரு காலத்தில் அந்த விக்டோரியா ஹாலில்தான் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டது. 1897-ல் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் அங்கே பேசினார். பொதுமக்களிடம் நன்கொடை வாங்கி, ஊருக்கு ஒரு பொது மண்டபம் வேண்டுமென்று எழுப்பிய இடம் அது. பிறகு குத்தகைத் தகராறு, வழக்கு என்று காலம் போனது, கட்டடம் உள்ளுக்குள் உளுத்தது. கடைசியில் சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் 30 கோடி ரூபாய்க்கும் மேல் ஒதுக்கி மாநகராட்சி அதைச் சீரமைக்கும் வேலையில் இறங்கியது. இறங்கியது நல்ல விஷயம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் இவ்வளவு செலவு ஏன் வந்தது என்பதைப் பற்றித்தான் எனக்கு எழுதத் தோன்றுகிறது, ஏனென்றால் இந்த ஊரில் பாரம்பரியக் கட்டடம் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் பெரிய திட்டம், பெரிய டெண்டர், வண்ண விளக்கு, ரிப்பன் வெட்டு என்றே யோசிக்கிறோம், நடுவில் வரும் முப்பது நாற்பது ஆண்டுகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு பழைய கட்டடம் எப்படிச் சாகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் இடிந்து விழுந்து சாவதில்லை. மொட்டை மாடியில் மழைநீர் இறங்கும் குழாயில் சருகு அடைக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் மாடியில் தண்ணீர் தேங்கும். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் காக்கை எச்சத்தில் வந்த ஒரு அரசங்கன்று முளைக்கும், இரண்டு இலைதான் இருக்கும், பார்க்க அழகாகக்கூட இருக்கும். அதை அப்போதே பிடுங்கினால் இரண்டு நிமிட வேலை. விட்டால் அடுத்த மழைக்குள் வேர் சுண்ணாம்புக் காரைக்குள் இறங்கிச் செங்கல்லைப் பிரித்துவிடும். அதன் பிறகு மேலே வெட்டினாலும் உள்ளே வேர் இருக்கும், திரும்பத் திரும்பத் துளிர்க்கும். அந்தப் பிளவு வழியாகத் தண்ணீர் இறங்கி உத்திரத்தின் முனையைத் தொடும். தேக்கு எவ்வளவு உறுதியானாலும் சுவருக்குள் செருகிய முனை வருடக்கணக்கில் நனைந்தால் இற்றுப் போகும். அந்த முனை போனால் கூரையே போன மாதிரி. ஜார்ஜ் டவுனில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து பாருங்கள், அரசங்கன்று இல்லாத பழைய வீடு கிடைப்பது கஷ்டம்.

திருவல்லிக்கேணியில் என் பெரியப்பா வீட்டுக்கு மெட்ராஸ் டெரஸ் கூரை. இந்தத் தலைமுறைக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். வரிசையாகத் தேக்குக் கட்டைகள், அதன் மேல் மெல்லிய சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில், மூலைவாட்டமாக, சுண்ணாம்புக் காரையில் நெருக்கி அடுக்குவார்கள். அதற்கு மேல் உடைகல்லும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கடைசியாகத் தட்டோடு. ஏப்ரல் மே வெயிலில் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தால் உடம்பு தானாக ஒரு பெருமூச்சு விடும்.

அந்த வீட்டில் கீழ்ச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, பூச்சு பொரிந்து உதிர ஆரம்பித்தது. தெரிந்த காண்ட்ராக்டர் ஒருவர் வந்து, பழைய பூச்சை முழுக்கக் கொத்திவிட்டுச் சிமென்ட் பூசினார். நன்றாகத்தான் இருந்தது, ஒரு வருடம். அப்புறம் ஓதம் சிமென்ட் பூச்சுக்கு மேலே, ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது. செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த வயதான மேஸ்திரி ஒருவர் சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி வெளிய போற வழிய அடைச்சிட்டீங்களே தம்பி, அது மேல ஏறாம என்ன பண்ணும்?" என்றார். சிமென்ட் பூச்சை ஓரிடத்தில் பெயர்த்துக் காட்டினார். பின்னால் இருந்த செங்கல் விரலால் தேய்த்தாலே சிவப்புப் பொடியாகக் கொட்டியது, இடையிடையே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளை உண்டு, அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியாகக் காற்றில் போய்விடும். சிமென்ட் அதை உள்ளேயே வைத்துப் பூட்டுகிறது, ஈரத்தோடு வந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே உறைந்து அதை உடைக்கிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையின் பழைய கட்டடங்களில் முக்கால்வாசியைக் கெடுத்தது அக்கறையின்மை மட்டும் இல்லை, தெரியாமல் செய்த ரிப்பேரும்தான் என்று நான் நினைக்கிறேன். அரசு அலுவலகமாக இருக்கும் ஒரு நூறாண்டுக் கட்டடத்தில் சுவர் பொரிந்தால், புதுக் கட்டடத்துக்கு உள்ள அதே எஸ்டிமேட், அதே சிமென்ட், அதே பெயின்ட். ஊர் ஒன்று தன் பழைய கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் அதற்கு வேலை தெரிந்த ஆள் வேண்டும். பொதுப்பணித் துறையில் இப்போது பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று தனிப் பிரிவு இருப்பது அந்த வகையில் பெரிய முன்னேற்றம்.

அந்த மாற்றத்துக்கு நாம் கொடுத்த விலையும் பெரிது. 1768 வாக்கில் ஆற்காடு நவாபுக்காகக் கட்டிய சேப்பாக்கம் அரண்மனை, அதில் கலச மஹால் பகுதி, 2012 ஜனவரியில் தீப்பிடித்தது. உள்ளே அரசு அலுவலகங்கள். அலமாரி அலமாரியாகக் காகிதக் கட்டு, மேலே இருநூறு வருடத் தேக்குக் கட்டை. தீயை அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரையே கொடுத்தார். கூரை விழுந்து சுவர் மட்டும் நின்ற அந்த நிலையில் இடித்துவிடலாம் என்ற பேச்சும் வந்தது. நல்லவேளை, இடிக்கவில்லை. சுண்ணாம்பு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்டு, மெட்ராஸ் டெரஸ் கூரையைத் திரும்பவும் போட்டார்கள். இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஹுமாயூன் மஹாலையும் அதே முறையில் மீட்டெடுத்தார்கள். பழைய மூர் மார்க்கெட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1985 மே மாதத் தீயோடு அது போய்விட்டது, சென்ட்ரல் பக்கத்தில் அதன் சின்ன மாதிரி வடிவம் ஒன்றுதான் இருக்கிறது. பழைய கட்டடங்களில் வயரிங் எப்படி இருக்கிறது, காகிதக் கட்டுகள் எங்கே கிடக்கின்றன என்று வருடத்துக்கு ஒரு முறை யாராவது போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். இதற்குக் கோடிகள் வேண்டாம்.

சரி, சட்டம் என்ன செய்கிறது? செயின்ட் ஜார்ஜ் கோட்டை மாதிரி இடங்கள் மத்தியத் தொல்லியல் துறையின் கையில் இருக்கின்றன, சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். அந்தப் பட்டியலில் வராதவைதான் ஊரில் அதிகம், அவற்றுக்கு ரொம்ப நாள் நாதியே இல்லை. அண்ணா சாலையில் இருக்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்க ஆரம்பித்தபோது, பாரம்பரியச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர்நீதிமன்றம் போனது. அந்த வழக்கில் 2010-ல் வந்த தீர்ப்பு இடிப்பதைத் தடுத்ததோடு, நகரில் 400-க்கும் மேற்பட்ட பாரம்பரியக் கட்டடங்கள் கொண்ட பட்டியலுக்கு ஒரு மதிப்பையும் கொடுத்தது. அதன் பிறகுதான் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ-வில் பாரம்பரியக் கட்டடங்களுக்கான குழு அமைந்தது. மாநிலத்துக்கென்று தனிச் சட்டம் 2012-லேயே நிறைவேறியது, நடைமுறைக்கு வரத்தான் பல ஆண்டுகள் பிடித்தன.

ஆனால் அந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கு ஜெயித்தது, கட்டடம் இடியவில்லை, யாரும் பழுதும் பார்க்கவில்லை, வெயிலும் மழையும் அதன் பாட்டுக்கு வேலை செய்தன. ஆர்மீனியன் தெருவில் அன்னி பெசன்ட் கட்டிய கோகலே ஹாலுக்கும் ஏறத்தாழ இதே நிலைமைதான், பாதி இடித்தபின் தடுத்து நிறுத்திய கட்டடம் அது. நீதிமன்றத்தால் இடிக்காதே என்று சொல்ல முடியும். மாடிக்கு ஏறிச் சருகை அள்ளு என்று ஆள் அனுப்ப முடியாது.

அதனால்தான் புழக்கம் என்பதை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். உயர்நீதிமன்றம் 1892-லிருந்து ஓடுகிறது. எழும்பூர் ரயில் நிலையம் 1908-லிருந்து. கன்னிமாரா நூலகத்தின் பழைய கட்டடம் 1896-லிருந்து. இதிலெல்லாம் எங்கே ஒழுகினாலும் மறுநாள் காலையே யாராவது ஒருவர் சத்தம் போடுவார். எழும்பூரில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் பாருங்கள், 1821-ல் திறந்தது, சேற்று நிலம் என்பதால் உறைகிணறுகளை வரிசையாக இறக்கி அதன் மேல் அஸ்திவாரம் போட்ட கட்டடம். வாராவாரம் மக்கள் கூடுகிறார்கள், சபையினர் பார்த்துக்கொள்கிறார்கள், பளிச்சென்று இருக்கிறது. அதே ஊரில், அதே எழும்பூரில், அருங்காட்சியக வளாகத்தில் உள்ள தேசியக் கலைக்கூடம், சென்னையிலேயே அழகான முகப்பு என்று நான் சொல்வேன், 2002-ல் பாதுகாப்பு இல்லை என்று மூடியவர்கள் இருபது வருடம் திறக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூற்றைம்பதாவது ஆண்டை ஒட்டி அதன் செனட் ஹவுஸ் அருமையாகச் சீரமைக்கப்பட்டது, வண்ணக் கண்ணாடிகளும் சுவரோவியங்களும் மறுபடி தெரிந்தன, அதன் பிறகு பெரும்பாலும் பூட்டித்தான் கிடந்தது. சீரமைத்ததும் சாவியை யாரிடம் கொடுப்பது, வருடத்தில் எத்தனை நாள் திறந்திருக்கும், வாடகை எவ்வளவு என்பதை டெண்டர் போடும்போதே எழுதிவிட வேண்டும். ஒரு சின்ன நாடகக் குழுவுக்குக் கட்டுப்படியாகாத வாடகை வைத்தால் அந்த மண்டபம் திரும்பவும் பூட்டில்தான் முடியும்.

தனியார் வீடுகள் விஷயம் இன்னும் சிக்கல். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, சௌகார்பேட்டையில் இருக்கும் முற்றம் வைத்த வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள் நாலு பேர், ஆறு பேர். பில்டர் ஒருவர் ஆளுக்கு ஒரு ஃப்ளாட் என்று வந்து நிற்கும்போது, பாரம்பரியம் என்று நாம் போய்ப் பேசினால் அவர்கள் எப்படிக் கேட்பார்கள்? என் பெரியப்பா மகன்களையே நான் குறை சொல்ல மாட்டேன். கூரை வேலைக்கு வந்த கணக்கைப் பார்த்து அவர்கள் மலைத்து உட்கார்ந்ததை நேரில் பார்த்தவன் நான். பட்டியலில் வீட்டைச் சேர்ப்பதால் சொந்தக்காரருக்குத் தடை மட்டும் வருகிறது, உதவி வருவதில்லை என்பதுதான் ஊரில் எல்லோர் மனதிலும் இருக்கும் பயம். மும்பையில் 1995-லேயே இதற்கு விதி செய்துவிட்டார்கள். கட்டடங்களைத் தரம் பிரித்து, பழையதை இடிக்காமல் வைத்திருப்பவர் இழக்கும் கட்டுமான உரிமையை வேறிடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ வழி வைத்தார்கள். அதை நம் ஊருக்கு ஏற்ற மாதிரி, ஒரு சாதாரணக் குடும்பம் அலையாமல் வாங்கக்கூடிய அளவுக்கு எளிமையாக்க வேண்டும்.

சென்னை வரலாற்றை எழுதிய முத்தையா போன்றவர்கள் 2004-ல் தொடங்கி வைத்த, ஊரின் பிறந்தநாளைக் கொண்டாடும் மெட்ராஸ் டே இன்று ஆகஸ்ட் மாதம் முழுக்க நடைகளும் பேச்சுகளுமாகப் பெருகியிருக்கிறது, இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், அதைப் பார்க்கும்போது உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. அந்த நடைகளில் வருபவர்கள் கையில் எல்லாம் நல்ல கேமரா இருக்கிறது. கட்டடத்தின் அழகோடு, சுவரில் முளைத்த கன்றையும் உடைந்த மழைநீர்க் குழாயையும் படம் எடுத்து வார்டு அலுவலகத்துக்குப் புகாராக அனுப்புங்கள். புகார் எண் வாங்காமல் விடாதீர்கள்.

மாநகராட்சியிடம் நான் கேட்பது மூன்றுதான். பட்டியலில் உள்ள வீட்டில் குடியிருந்து பராமரிப்பவருக்குச் சொத்துவரியில் சலுகை. மழைநீர் வடிகால் தூர்வாரும் அதே செப்டம்பர் மாதத்தில் பழைய பொதுக் கட்டடங்களின் மாடிகளுக்கும் ஆள் அனுப்புவது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களின் பெயர்ப் பட்டியலை மண்டல அலுவலகங்களில் வைப்பதும், அவர்களிடம் நாலு பையன்களைச் சம்பளத்தோடு வேலைக்குச் சேர்த்துவிடுவதும். பெரியப்பா வீட்டுக்கு வந்த மேஸ்திரிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, கூட வந்த ஆட்களில் ஐம்பதுக்குக் கீழே ஒருவரும் இல்லை.